முன் அனுமதி

படிவத்தின் நான்காம் பக்கம் கேட்கிறது:
கோரும் சத்திரசிகிச்சையை
ஏன் இந்த நாட்டுக்குள் செய்ய முடியாது?

எனக்குப் பழக்கமான கேள்வி.
பதினொரு வருஷமாய் இதன் உடன்பிறப்புகளை
மொழிபெயர்த்துத்தான் வாடகை கட்டுகிறேன்.
ஏன் உங்கள் ஊரில் இருக்க முடியாது.
ஏன் பொலிசிடம் போகவில்லை.
சரி, ஏன் கொழும்பில் இருக்க முடியாது.
ரொறொன்ரோவின் நடுவில் ஜன்னல் இல்லாத அறை,
ஒரு குடுவை தண்ணீர்,
ஒரு பெட்டி கடதாசிக் கைக்குட்டை.

எங்கள் தொழிலில் விதி ஒன்று:
அவர் 'நான்' என்றால் நானும் 'நான்' என்றே சொல்லவேணும்.
கூட்டக்கூடாது, குறைக்கக்கூடாது.
அழுகையை மொழிபெயர்க்கத் தேவையில்லை.

போன மாசியில், மன்னாரில் இருந்து வந்த ஒருத்திக்காக,
ஊசி தடிப்பாக்கிய இந்தக் குரலில் சொன்னேன்:
நான் ஐந்து மாதக் கர்ப்பிணி.
ஒருவரும் சிரிக்கவில்லை.
விசாரித்தவர் பேனையைத் திறந்து
அப்படியே எழுதிக்கொண்டார்.

நான் ஆண் என்பதற்கு
இரண்டு கடிதம் வேணும்.

பெயர்: ஆரூரன்.
முன்னைய பெயர் என்று ஒரு கட்டம். நிரப்பினேன்.
எந்த வயதில் தெரியும் என்று மனநல மருத்துவர் கேட்டார்.
ஏழு என்றேன்.
குடும்ப டொக்டரின் கடிதத்தில் பன்னிரண்டு.
இரண்டும் உண்மை. ஆனால்
திகதிகள் முட்டினால் என்ன நடக்கும் என்று
எனக்குத் தெரியாததா?
கதை மாறக்கூடாது,
பாடமாக்கியது மாதிரியும் இருக்கக்கூடாது.

ரெக்சாஸில் இருக்கிற நிபுணர்
திரையில் படம் கீறிக் காட்டினார்.
இடது முன்கை. தோல், ஒரு நாடி, இரண்டு நரம்பு.
மணிக்கட்டில் இருந்து முழங்கைக்குக் கிட்ட வரைக்கும்
உரித்துச் சுருட்டித் தைப்பார்.
அதற்கு முதல் மயிரைக் கருக்கவேணும்,
ஒவ்வொரு வேராக.
சனிக்கிழமைகளில் மார்க்கம் வீதி, பல்வைத்தியருக்கு மேல்மாடி,
நூற்றிருபது டொலர்.
அது அரசாங்கத்தின் கணக்கில் வராது.

இதே கையில்தான்
பதின்மூன்று வயதில், ஸ்காபரோ மண்டபமொன்றில்,
முந்நூற்றைம்பது பேர் சாப்பிட வந்திருக்க
மாமி முழங்கை மட்டும் காப்பு ஏற்றினா.
பல்லக்கும் இருந்தது. புகை விடுகிற மெசினும்.
வீடியோவில் பார்த்தால்
நான் அந்தக் கையை உடம்பை விட்டுத் தள்ளிப் பிடித்திருக்கிறேன்,
இந்தா வாறன் எண்டு ஆரோ
தந்துவிட்டுப் போன சாமானைப் போல.

அம்மா இப்போது வினைச்சொற்களின் வாலை விழுங்குகிறா.
சாப்பிட்டாச்சோ. வேலைக்கு வெளிக்கிட்டாச்சோ.
வந்தானும் இல்லை, வந்தாளும் இல்லை:
பிள்ளை வந்தாச்சு, என்று போனில் ஆருக்கோ.
அவ தேடிப் பிடித்த இலக்கணம்.
நான் திருத்துவதில்லை.

செவ்வாய்க்கிழமை கடிதம் வந்தது.
இல்லை என்றும் இல்லை, ஓம் என்றும் இல்லை.
மொன்றியலில் உரிய காலத்தில் கிடைக்காது என்பதற்கு
மேலதிக ஆதாரம் தேவையாம்.

மொன்றியல்தான் என் கொழும்பு.

அங்கே வரிசை இருக்கிறது.
வரிசையின் நீளத்தை
ஒருவரும் எழுத்தில் தரமாட்டார்கள்.
தொலைபேசியில் ஒரு பெண் பிரெஞ்சில் தொடங்கி
ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டாள்.
அவள் பெயரையும் நேரத்தையும் குறித்துக்கொண்டேன்.
ஆதாரம் என்பது சில நேரம் அவ்வளவுதான்.

விடிய ஒன்பது மணிக்கு வவுனியாக்காரர் ஒருவரின் விசாரணை.
நடைபாதையில் கோட்டைத் தடவியபடி
மெல்லக் கேட்டார்:
தம்பி, இவங்கள் நம்புவாங்களோ?

விதிப்படி நான் பதில் சொல்லக்கூடாது.
சட்டைக் கையின் பொத்தானைப் பூட்டிக்கொண்டு,
உள்ளே எரிகிற புள்ளிகளோடு,
இடது கையால் அவருக்குத் தண்ணீர் வார்த்தேன்.