வானத்தின் நிறத்தில் நூல்

என் வேலை நூலுக்கு வர்ணம் பூசுவது.
மொராவியாவில், லித்தோவெல் சாலையில்,
காலை ஆறரைக்கு வானம் பால் கலந்த சாம்பல்.
ஒன்பதுக்கு லேசான நீலம்.
பதினொன்றுக்கு எங்கிருந்தோ ஒரு மேகம் வந்து
இரண்டு மணி நேர உழைப்பைக் கெடுத்தது.
நூல் ஒன்பது. தூரிகை ஒன்று.
அண்ணாந்து வானம், குனிந்தால் கிண்ணம்,
கழுத்து விட்டுப்போயிற்று.

கோப்ர் ஒரு தபால்காரர். மூன்று சாண் உயரம்.
தலை லிண்டன் மரம், மீசை பழைய பல்துலக்கி.
பையில் கடிதம் இல்லை, ஈயக்கட்டி.
கனம் இல்லாவிட்டால் சக்கரம்
சாலையைத் தொடாமல் மிதக்கும்.

எல்லோரும் கேட்பது ஒன்றுதான்:
அந்தச் சின்னக் கால் எப்படி மிதிக்கிறது?
மிதிக்கவில்லை.
பின்சக்கரத்தோடு பல்சக்கரத்தைப் பற்றவைத்து
செருப்பை மிதிகட்டையில் திருகியிருக்கிறோம்.
சாலை சக்கரத்தைச் சுற்றுகிறது, சக்கரம் செயினை,
செயின் மிதிகட்டையை,
மிதிகட்டை அவர் முழங்காலைத் தூக்கித் தூக்கிப் போடுகிறது.
ஊரில் எல்லாரும் சைக்கிள் ஓட்டுகிறார்கள்.
கோப்ரை சைக்கிள் ஓட்டுகிறது.

விழாமல் இருப்பது போஹ்தனாவின் பாடு.
லாரியிலிருந்து சாலைக்கு மேலே நீளும் இரும்புக் கை,
அதன் நுனியில் ஒரு பலகை,
பலகையில் இடுப்பு பெல்ட்டோடு குப்புற அவள்.
இடக்கையில் சைக்கிளின் நூல்கள்,
வலக்கையில் ஆளின் நூல்கள்.
கேமரா முன்னால், தரையோடு தரையாக,
நூலுக்குப் பின்னால் வானம் மட்டும் இருக்கும்படி.

ஏழாவது தடவையில் ஒரு குறையும் இல்லை.
ஹினெக் சின்னத் திரையில் பார்த்தார்,
இன்னொரு முறை பார்த்தார்.
"இவர் ஓட்டவில்லை. இவரை யாரோ சுமக்கிறார்கள்."
நூல் தெரிகிறதோ என்று எனக்கு வயிற்றைக் கலக்கியது.
தெரியவில்லை.
அதுதான் இன்னும் மோசம்.

எட்டாவதில், ஆப்பிள் மரங்கள் முடிகிற இடத்தில்,
லாரியின் பின்சக்கரம் குழியில் இறங்கியது.
இரும்புக் கை உதறியது.
கோப்ர் இடப்பக்கம் சாய்ந்தார்,
போஹ்தனாவின் மணிக்கட்டு, அவளைக் கேட்காமலே,
விழுகிற பக்கமே ஹேண்டில்பாரைத் திருப்பியது.
ஒரு முழங்கால் வெளியே விரிந்தது.
நிமிர்ந்தார்.
மணி தானாக ஒரு தரம் அடித்தது.
தார்ச்சாலையில் ஒரு மனிதர்
வேலைக்கு நேரமாகிவிட்டதென்று போய்க்கொண்டிருந்தார்.

"இனி குழி பார்த்து இறக்குங்கள்" என்றார் ஹினெக்.
ரதோவானுக்கு முகம் கறுத்துவிட்டது.
இருபத்திரண்டு வருஷம் பீர் பீப்பாய் ஏற்றிய மனிதர்.
காலையிலிருந்து எங்களுக்காக
நிறைகுடத்தைத் தலையில் வைத்ததுபோல் ஓட்டியிருக்கிறார்.
அந்தப் பதவிசுதான் படத்தைக் கெடுத்தது என்று
யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.
அவரே புரிந்துகொண்டு,
என் செக் அகராதியில் இல்லாத ஒரு சொல்லைச் சொல்லி
கியர் மாற்றினார்.

மாலையில்
ஒரு வாளி வானத்தைப் புல்லில் கொட்டினேன்.
கோப்ரைத் திருகு கழற்றிப் பெட்டியில் படுக்கவைத்தோம்.
அவர் இறங்கியதும் சைக்கிள் நிற்கவில்லை,
லாரிச் சக்கரத்தில் சாய்த்தோம்.

போஹ்தனாவுக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது.
ஐந்து வயதில் காலுக்கு இரும்புப் பட்டை,
பிறகு பயம், பிறகு அதுவே பழக்கம்.
மத்தியானம் ரொட்டி தின்னும்போது
உப்பு கேட்பதுபோல் சொன்னாள்.

ரதோவான் லாரியைப் பூட்டிவிட்டு
தன் துருப்பிடித்த சைக்கிளில் ஏறினார்.
முதல் மூன்று மிதிக்கு ஆடியது, யாருக்கும் ஆடுவதுபோல்.
என் பக்கத்தில் நின்றாள் போஹ்தனா,
கைகள் கோட்டுப் பைக்குள்.
இடப்பக்கப் பை அசைந்தது.
கொஞ்சம் சாய்ந்து, பிறகு நேராக,
மறுபடி கொஞ்சம்.
அவர் வளைவு திரும்பி மறையும்வரை
அது ஓயவில்லை.