அழிச்சாட்டியம்

சேரன்மகாதேவி சார்பதிவாளர் ஆபீசுக்கு எதிரே
ஜெராக்ஸ் கடை மாடிப்படிக்குக் கீழே
இருபத்தாறு வருசமாய்ப் பத்திரம் எழுதுகிறேன்.
இந்தச் சொல்லை ஒருதடவையும் எழுதியதில்லை.
காதில் விழாத நாளும் இல்லை.

தேரோட்டத்தன்று பலூனுக்காக
ரதவீதியில் உருண்ட என் மகன் பண்ணினது அது.
தார்ப்பாயை இழுத்துப்போட்டு நெல்லைத் தின்ற
கோயில் மாடு பண்ணினது அது.
ஒன்றரை ரூபாய் சில்லறை பாக்கிக்காக
முக்கூடல் தாண்டியும் பஸ்ஸைவிட்டு இறங்காத
ஆள் பண்ணினதும்.
கொலைக்கு அந்தச் சொல் வராது.
களவுக்கும் வராது.
விடமாட்டேன் என்பவர்மேல்தான் வந்து விழும்.

நேற்று உலகம்மைமேல் விழுந்தது.

கன்னடியன் கால் பாயும் முப்பத்தெட்டு சென்ட் நஞ்சை.
அண்ணனும் தம்பியும் காரில் கூட்டிவந்தார்கள்.
புதுச்சேலை. நன்னாரி சர்பத். இரண்டு புரோட்டா.
எதையும் வேண்டாமென்று சொல்லவில்லை.
நான் வாசித்துக் காட்டினேன்:
‘முழுமனதுடனும், எவருடைய தூண்டுதலும் இன்றியும்…’
பேனாவை மூடி வைத்தாள்.
“முழுமனசுன்னு எழுதிருக்கியளே அண்ணாச்சி,
எங்கிட்ட ஆரு வந்து கேட்டா?”

“பாத்தீராவே,” என்று கத்தினார் பூலுடையார்,
“நாலுபேர் முன்னால
என்னா அழிச்சாட்டியம் பண்ணுதா!”

அவள் குரல் உயரவேயில்லை.
பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள், அவ்வளவுதான்.
புதுச்சேலையில் சர்பத் ஒரு சொட்டு.

அழி என்று தொடங்குகிற சொல்.
என்ன அழிந்தது என்று பார்த்தேன்:
நாலு முத்திரைத்தாள்.
உள்ளே ‘சாட்சி’ மாதிரியும் ஏதோ கேட்கிறது.
சாட்சி இரண்டுபேரும் வெளியே
பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார்கள்.

பத்து வருசம் முந்தி என் தங்கையும் போட்டாள்,
நானே எழுதிய பத்திரத்தில்.
வாசிக்கவிடவில்லை.
“நீ எழுதுனா சரியாத்தான் இருக்கும்.”
தங்கமான பிள்ளை என்றார்கள் எல்லாரும்.
அதற்கப்புறம் அவளைப் பற்றி
யாரும் ஒன்றும் சொன்னதாக ஞாபகமில்லை.

கார் உலகம்மையை ஏற்றாமலே கிளம்பிவிட்டது,
என் கூலியும் அதோடு.
பர்ஸைத் திறந்து ஐந்நூறு நீட்டினாள்:
“எழுதுனதுக்கு.”
வாங்கிக்கொண்டேன்.
வீரவநல்லூர் பஸ்ஸுக்கு வெயிலில் நடந்துபோனாள்.

ராத்திரி கணக்கு நோட்டில்
விடுதலைப் பத்திரம், ஒன்று. பதிவாகவில்லை.
காரணம் என்ற கட்டத்தில்
முதல்தடவையாக அதை எழுதப் போனேன்.
நடுவில் ‘ச்’ உண்டா இல்லையா
என்பதில் பேனா நின்றது.

அகராதி தங்கை வீட்டில் கிடக்கிறது.
கல்யாணமாகிப் போகும்போது
அது ஒன்றைத்தான் கேட்டு வாங்கிப்போனாள்.