ஆறுமுகம்

பழைய செஸ்னாவின் முகப்பில் ஆறு வட்டங்கள்.
ஆறுக்கும் சேர்த்து ஆறுமுகம் என்று பெயரிட்டவன்
காத்தான்குடி நுஸ்கி.
புதியதில் அகலமாய் இரண்டு திரைகள்.
"டீவிக்கு ஆரு மிஸ் பேர் வைக்கிற?"

மார்கழி.
பின்னால், ஒட்சிசன் ஊதிக் கட்டிய பைகளில்
எண்பதினாயிரம் இறால் குஞ்சுகள்.
குடும்பிமலை தாண்டியதும் எல்லாம் வெள்ளை.
மேல் இல்லை, கீழ் இல்லை.

அப்போதுதான் அடிவானக் கருவி
மெல்ல இடப்பக்கம் சாயத் தொடங்கியது.
விழவில்லை. சாய்ந்தது,
கொழும்பு இரவு பஸ்ஸில் முன்பின் தெரியாதவர்
நம் தோளில் உறங்கிப்போவதைப்போல,
அத்தனை நம்பிக்கையோடு.
கை தானாக வலப்பக்கம் போனது.
காதுக்குள் இருக்கும் நீரும் ஆமென்றது,
அது எப்போதும் கடைசியாகப் பேசியவர் கட்சி.

கீழ் வரிசையில், மின்சாரத்தில் வாழும் ஊசி மட்டும்
சொன்னது:
இப்போதுதான் கிறுகுகிறாய்.
அதுவரை நேராகத்தான் இருந்தாய்.

வேகம் ஏறியது. உயரம் கரைந்தது.
காற்றுறிஞ்சும் பம்ப் எப்போது நின்றதோ.
இறால் பற்றுச்சீட்டை இரண்டாகக் கிழித்து
பொய் சொன்ன இரு முகங்களையும் மூடினேன்.
பெட்டியின் ஈரத்திலேயே ஒட்டிக்கொண்டது.
ஆறுமுகம் நான்முகன் ஆயிற்று.
அந்த நாலையும் வைத்துக்கொண்டு இறங்கினேன்.

ஐந்நூறு அடியில் மேகம் கிழிந்தது.
வலையிறவுப் பாலம்,
அதில் பகலில் விளக்கெரியும் ஒரு பஸ்,
திமிலதீவு ஓடுபாதை,
கொஞ்சம் இடப்பக்கமாய்.

"புதிசு செத்தா, செத்துப்போனன் எண்டு சொல்லும் மிஸ்.
முகத்தில பெரிய சிவப்புப் புள்ளடி.
இது செத்த பிறகும் கதைச்சிக்கிட்டு இருக்கு."

உண்மைதான்.
ஆனால் திரையில் வேகத்தை நான் வாசிக்க வேண்டும்,
எண் எண்ணாக.
ஊசியை யாரும் வாசிப்பதில்லை.
தூரத்தில் வருவது யாரென்று
நடையில் தெரிந்துவிடுகிறதே, அப்படி.
இதை நுஸ்கிக்குச் சொல்லவில்லை.
புதியதின் மூலையில், முழங்கால் மறைக்கும் இடத்தில்,
மூன்று சின்ன வட்டங்களை
அதைச் செய்தவர்களே விட்டுவைத்திருப்பதையும்.

பண்ணைக்காரர் அகிலேஸ்வரன்
பைகளை எண்ணி முடித்துப் பற்றுச்சீட்டைக் கேட்டார்.
திரும்பிப் போய் உரித்தேன்.
நேராக நின்ற விமானத்தில்
அடிவானம் இன்னும் சாய்ந்து கிடந்தது,
உலகம்தான் கோணல் என்பதுபோல.