செங்கோட்டை பாசஞ்சரில் ஒரு ஸ்வெட்டர்

கொடைக்கானலுக்காகத்தான் ஆரம்பித்தேன்.
பங்குனியில், வண்ணார்பேட்டைக் கடையில்,
"நம்மூர்ல யாரு இத வாங்குதா" என்று
தூசி தட்டி எடுத்துக் கொடுத்த
ஆறு உருண்டை. கத்திரிப்பூ நிறம்.

சித்திரையில் உள்ளங்கை வேர்த்து ஊசி வழுக்கியது.
வரிசைக்கு ஒருதரம் பவுடர் போட்டுக்கொண்டேன்.
மடியில் கிடந்த கம்பளி
காய்ச்சல் வந்த பூனை மாதிரிச் சுட்டது.

எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் சட்டை உண்டு.
மிக்சிக்கு உண்டு, ரிமோட்டுக்கு உண்டு,
கேஸ் சிலிண்டருக்கு
அடியில் ஃப்ரில் வைத்த பாவாடையே உண்டு.
கொஞ்ச நேரம் அசையாமல் உட்கார்ந்தால்
தனக்கும் ஒரு உறை தைத்துவிடுவேன் என்று
வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார் பிரமநாயகம்.
அவருக்கென்று நான் எதுவும் தைத்ததில்லை.
அவரும் கேட்டதில்லை.

லீவு கிடைக்கவில்லை.
கூட்டுறவு வங்கியில் தணிக்கையாம்.
ஐந்து நாள் கொடைக்கானல்
ஒரு ஞாயிற்றுக்கிழமைக் குற்றாலமாகச் சுருங்கிற்று,
முதல் தடவை நனைத்த காடாத் துணி போல.
"மே மாசம் குத்தாலத்துல என்ன இருக்கும்? பாறைதான் இருக்கும்."
"பாறையையும் பாத்துட்டு வருவோமே."
அதற்குப் பிறகு மூன்று நாள்
சாவி, பால் கணக்கு, சாம்பாரில் உப்பு
எல்லாம் உலகம்மை வழியாகவே போய்வந்தன.
அப்பாட்ட சொல்லு. அம்மாட்ட கேளு.
பத்து வயதில் அவளுக்குத்
தபால்காரி உத்தியோகம்.

பேட்டையில் இடது கையைத் தொடங்கினேன்.
வீரவநல்லூரில் கூட்டம் ஏறி
என் முழங்கையை மடக்கிற்று.
கல்லிடைக்குறிச்சி தாண்டிப் பாலம் வந்ததும்
எல்லோரையும் போல நானும் ஆற்றைப் பார்த்தேன்.
அந்த ஒரு பார்வைக்குள் இரண்டு கண்ணி நழுவி,
கீழக்கடையம் வரும்போதுதான் தெரிந்தது.
"யாருக்கு இது?" என்றாள் எதிரில் இருந்தவள்.
உலகம்மை எங்கள் இரண்டு முகத்தையும் பார்த்துவிட்டு
"இன்னும் முடிவாகல" என்றாள்.

ஐந்தருவியில் ஒரு அருவியும் இல்லை.
பாறையில் ஈரமாய் ஒரு கோடு,
யாரோ சாக்பீஸால் குறித்துவிட்டுப் போனது போல.
அதன் கீழே சோப்போடு ஒருவர்
பொறுமையாகக் காத்திருந்தார்.

குரங்கு வந்தது தயிர்சாதத்துக்குத்தான்.
கிடைத்தது என் பை.
மரத்தில் ஏறி, இடது கைக்குள் தலையை விட்டு,
அந்தப் பக்கம் வழி இல்லாத கோபத்தில்
பல்லால் கிழித்தது.
செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு
பிரமநாயகம் மரத்தடிக்குப் போனார்.
நேந்திரம் சிப்ஸ் பொட்டலத்தை உயர்த்திப் பிடித்து
"இந்தா, அதக் குடு, இத எடு" என்று
நகைக்கடன் கவுண்டரில் பேசும் அதே குரலில்
கால் மணி நேரம் பேசினார்.
வங்கியில் இவர் இத்தனை பொறுமைசாலி என்று
எனக்குத் தெரியாது.
கொண்டுவந்து பெஞ்சில் வைத்தார்.
முன்பாகமும் முதுகும் இருந்தன. ஒரு கை இல்லை.

திரும்பும் ரயிலில் பிரிக்க ஆரம்பித்தேன்.
கம்பளி ஒருதரம் பின்னினால்
பிரித்தாலும் நேராகாது.
கண்ணிக்குக் கண்ணி சுருண்டே வரும்,
நூடுல்ஸ் போல, வளைந்த இடமெல்லாம் ஞாபகமாக.
சிக்கு விழுந்தது. உலகம்மையின் பிஞ்சுக் கைகள்
பாவூர்சத்திரத்திலேயே வலித்துவிட்டன.
அப்போது அவர் பேப்பரை மடித்துவைத்துவிட்டு
இரண்டு கையையும் நீட்டினார்.

சுற்றினேன்.
விலங்கு மாட்டியவர் போல இருந்தார்.
அம்பாசமுத்திரத்தில் ஏறிய போலீஸ்காரர்
ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டுப் போனார்.
மூக்கில் ஈ உட்கார்ந்தது; ஊதி ஊதிப் பார்த்தார்.
உலகம்மை கடலையை ஒவ்வொன்றாக
அவர் வாயில் போட்டாள்,
நடுநடுவே தன் வாயிலும்.
அந்த மணிக்கட்டுகளை இவ்வளவு கிட்டத்தில்
நான் பார்த்து நாளாகிறது.
வாட்ச் மறைத்த இடம் மட்டும் வெளுப்பாக.
மார்பின் அகலத்தையும்
கண்ணாலேயே ஒருதரம் அளந்துகொண்டேன்.

சேரன்மகாதேவி தாண்டி இருட்டிற்று.
கடைசி முனை வந்து, முடிச்சும் போட்டு,
நூலை உருவிப் பையில் வைத்தேன்.
கை இன்னும் நீட்டியபடியே இருந்தது.
"அப்பாட்ட சொல்லு, முடிஞ்சிட்டுன்னு."
வாய் நிறையக் கடலையோடு
ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள் உலகம்மை.
"நீயே சொல்லு."