‘எதற்கு’ என்ற நிரல்

கஸ்தூரியார் வீதியில் எங்கள் கடை.
வலப்பக்கம் நகைக்கடை, இடப்பக்கம் சோடாக் கம்பனி.
நடுவில் நான்,
துவக்கு விற்கிறவரின் பெண்சாதி,
பேரேட்டில் ஐந்து நிரல் கீறி வைத்திருக்கிறேன்:
திகதி, பெயர், லைசென்ஸ் இலக்கம், விலை,
கடைசியில் ‘எதற்கு’.

வருகிறவர்கள் எல்லாரும் பெரிதாய்த்தான் கேட்பார்கள்.
துவக்கின் வாய்
தங்கள் வாயைவிட அகலமாய் இருக்கவேண்டும் அவர்களுக்கு.
நான் மிருகத்தை முதலில் கேட்பேன்.
பிறகு தூரம்.
பிறகு, அந்த மிருகத்துக்குப் பின்னால் என்ன நிற்கும் என்று.
மூன்றாவதுக்குப் பாதிப்பேர் தலையைச் சொறிவார்கள்.
சன்னம் முயலோடு நிற்காது, ஐயா.
வேலி தாண்டும், வடலி தாண்டும்,
அங்காலே யாரோ புகையிலைக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருப்பான்.

காடைக்கு எட்டாம் நம்பர்.
நாலாம் நம்பரை ஏற்றினால்
சட்டியில் விழுவது இறகும் ஈயமும்தான்.
பாசையூர்ச் சந்தாம்பிள்ளை
கடலேரித் தாராவுக்கு நாலைத்தான் கொண்டுபோவார்;
ஞாயிறு பூசை முடிந்து வந்து
பல்லில் கடிபட்ட குண்டொன்றை
என் மேசையில் உருட்டிவிட்டு
‘இது உங்கடை’ என்பார்.

முயலுக்கு இருபத்திரண்டு போதும்,
தலையில் பட்டால்.
படாது என்று தெரிந்தவர்கள்
பன்னிரண்டாம் போர் கேட்கட்டும், அதுவும் ஒரு மரியாதை.
சருகுமான் பூனையளவு; கால்கள் பென்சில்.
அதற்கென்று வருகிறவர்களிடம்
‘சாமான் முடிஞ்சுது’ என்று பொய் சொல்வேன்.

புள்ளிமானுக்கு எஸ்ஜி, நாற்பது யார் தூரத்துக்குள்.
மரைக்கு அது வெறும் எரிச்சல்.
ஒட்டுசுட்டான் பக்கம் மரை தேடிப் போகிறவனுக்கு
முப்பது சைபர் ஆறு வேண்டும்,
மூச்சை அடக்கத் தெரிந்த தோளும் வேண்டும்.
பன்றி மட்டும் எந்தக் கணக்கிலும் அடங்காது.
எதைக் கொடுத்தாலும் ‘காணாது’ என்று திரும்பி வருவார்கள்,
தொடையில் தையலோடு.

நெடுந்தீவுக் குதிரைக்கு என்ன போடலாம்
என்று ஒருவன் கேட்டான்.
புல்லு, என்றேன்.

கண்ணாடி அலுமாரியில் ஒன்று இருக்கிறது:
முந்நூற்றெழுபத்தைந்து.
பிறக்கிராசி அம்பலவாணர் லண்டனிலிருந்து எடுப்பித்தது.
முற்பணம் கட்டினார், மிச்சம் கட்டவில்லை.
தோட்டா ஒவ்வொன்றும் என் நடுவிரலைவிட நீளம்.
மாதம் ஒருமுறை, கோட்டு முடிந்து,
கழுத்துப்பட்டியைத் தளர்த்திக்கொண்டு வருவார்.
எடுத்துக் கன்னத்தில் வைத்து
சுவர்க் கலண்டரில் ஒரு திகதியைக் குறிபார்ப்பார்.
ஒன்பது வருடம். ஒரு வெடி இல்லை.

போன மாரியில் அக்கராயனிலிருந்து கதிரித்தம்பி வந்தான்.
முழங்காலில் வயல் காய்ந்து வெடித்திருந்தது.
இரண்டு ஏக்கர் நெல், குடலைப் பருவம்.
பக்கத்து நகைக்கடையில் அப்போதுதான்
தாலிக்கொடி அடைவு வைத்த காசு;
நோட்டுகளின் மடிப்புக்கூடக் குலையவில்லை.
அலுமாரியைக் காட்டி, ‘அதைத் தாங்கோ’ என்றான்.

மூன்று கேள்வியையும் கேட்டேன்.
எந்த மிருகம்? யானை.
எவ்வளவு தூரம்?
காவல் கொட்டிலிலிருந்து வரம்புவரை,
அறுபது யார், இருட்டில்.
பின்னால் என்ன நிற்கும்?
கனநேரம் பேசவில்லை.
‘குட்டி’ என்றான்.

அவர் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.
அந்த வருடத்தின் மிகப்பெரிய வியாபாரம்
மேசைக்கு அந்தப்பக்கம் சேறு மணக்க நின்றது.
நான் குனிந்து கீழ்த்தட்டைத் திறந்து
யானை வெடி இரண்டு பெட்டி எடுத்தேன்.
பெட்டி நாலரை ரூபா.
திரியை நீளமாய் விடுங்கோ, முதல் காற்றைப் பாருங்கோ.
லைசென்ஸ் தேவையில்லை.

மிச்சக் காசோடு அவன் பக்கத்துக் கடைக்குத் திரும்பினான்.
அரைமணித்தியாலத்துக்கு வட்டி உண்டா என்று
அங்கே தர்க்கம் நடப்பது சுவருக்கு இங்காலே கேட்டது.

அவருக்கு இன்னும் சொல்லவில்லை.
பேரேட்டில் எழுதினேன்:
கதிரித்தம்பி, அக்கராயன், ஒன்பது ரூபா.
‘எதற்கு’ என்ற இடத்தில்
யானை என்று எழுதி, வெட்டி,
சத்தம் என்று எழுதினேன்.

நெல் தப்பியதோ தெரியாது.
வெள்ளிக்கிழமை பிறக்கிராசி வந்தார்.
பதினேழாம் திகதியைக் குறிபார்த்துவிட்டுப் போனார்.