அரைப்பேர்

கொழுந்து பதினெட்டுக் கிலோவைத் தொடாத நாளில்
செக்ரோலில் என் மனைவிக்கு அரைப்பேர் விழும்.
எனக்கு முதுகில் விழுந்தது.
எழுத்துக்கு இவ்வளவு என்று காசு கேட்டான்
டிக்கோயாவில் சட்டை அச்சடிப்பவன்.
'வன' என்பதோடு நிறுத்தச் சொல்லிவிட்டார் அணித்தலைவர்.
'ராஜ்' இல்லாமலே நாலு விக்கெட் எடுத்தேன்.

மென்பந்து. ஆறு ஓவர்.
பதினேழு வருடம், இருபத்திரண்டு அணி.
கணக்கு சாந்தரூபியுடையது,
கொடியில் காயப்போடும்போது எண்ணுவாள்.
பொகவந்தலாவ பச்சை, மஸ்கெலியா நீலம்,
சாயம் போய் எந்த ஊர் என்றே தெரியாத ஒன்று.
அதைத்தான் நாலாக மடித்துத்
தலையில் வைத்துக்கொள்கிறாள்,
கூடைக் கயிறு அழுத்தும் இடத்தில்.

மேட்சுக்கு இரண்டாயிரம், பஸ் காசு தனி,
ஒரு சோற்றுப் பார்சல்.
வென்றால் பியர். நான் குடிப்பதில்லை.
அதைக் காசாகத் தாருங்கள் என்று
பதினேழு வருடமாகக் கேட்க நினைக்கிறேன்.

போடைசில் பந்து தேயிலைக்குள் போனால் நாலு.
கொட்டகலையில் ரயில் சத்தம் கேட்டால்
அந்தப் பந்து செல்லாது.
லிந்துலையில் லயக்கூரையில் பட்டால் அவுட்:
தகரத்துக்குக் கீழே ஒருத்தி
பிள்ளை பெற்றுக் கிடந்த அன்றைக்குப் போட்ட விதி.
ஹப்புத்தளையில் பனி இறங்கினால்
நடுவர் மட்டைக்காரனிடம் கேட்பார், "தெரியுதா?"
பந்து போடுகிறவனை யாரும் கேட்பதில்லை.
தெரியாமலே போட்டிருக்கிறேன்,
அந்தப் பக்கம் ஸ்டம்ப் இருக்கும் என்ற நம்பிக்கையில்.

ஒருமுறை வனராஜாத் தோட்டத்துக்கே ஆடினேன்.
பதினொரு நெஞ்சிலும் என் பெயர்,
புள்ளி போய்க் கால் முளைத்து.
"தோட்டத்துச் சொந்தக்காரரே பந்து வீச வருகிறார்"
என்றது ஒலிபெருக்கி.
மேட்டில் குந்தியிருந்த சனமெல்லாம் சிரித்தது.
கடைசிப் பந்தை நோ-போல் போட்டேன்.
சொந்தக்காரர் அன்று நடந்தே வீடு வந்தார்.

உன் தோட்டத்துக்கு ஆடியதில்லையா என்பார்கள்.
வெளியாட்கள் இருவருக்கு இடம் என்பது விதி.
எங்கள் டிவிஷன் அந்த இரண்டையும்
பதுளைப் பையன்களுக்குக் கொடுத்தது.
உள்ளாட்கள் பட்டியலிலும் நான் இல்லை.
"நீதான் எப்பவும் வெளியில நிக்கிறவனாச்சே."
எதிரணி அன்றைக்கு என்னைக் கூப்பிட்டிருந்தது.
தங்கச்சி புருசன் தவசீலன் முதல் பந்திலேயே
ஏறி அடிக்க வந்தான்,
நடு ஸ்டம்ப் சாய்ந்தது.
மூன்று மாதம்
தங்கச்சி வீட்டு பிளேன்டீயோடு சீனி வரவில்லை.

போன போயாவுக்கு மஸ்கெலியா.
முழங்காலில் இறுக்கிக் கட்டிய துணி.
அணித்தலைவன் சின்னப் பையன்,
நான் ஆடத் தொடங்கிய வருடம்
அவனுக்குப் பால்பல் விழுந்திருக்காது.
என் இரண்டாவது ஓவரில் மூன்று சிக்ஸர்,
மூன்றாவது, பாதை தாண்டி
ஓட்டோ ஒன்றின் கூரையில்.
பந்தைக் கேட்டு வாங்கிக்கொண்டான்,
தோளில் தட்டினான்,
எல்லைக் கோட்டுக்குப் போகச் சொன்னான்.
அங்கே நின்றேன். ஒரு பந்தும் வரவில்லை.

பொழுது சாய்ந்து கவரைத் திறந்தால்
ஒரே ஓர் ஆயிரம்.
"அண்ணே, ரெண்டு ஓவர்தானே போட்டீங்க..."
சிரித்துவிட்டேன். அவன் பயந்துபோனான்.
எந்தத் துரையடா உனக்குச் சொல்லிக்கொடுத்தான்
இந்தக் கணக்கை?

பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன்.
நோர்வூட் தாண்டும்போது போன் அடித்தது.
லிந்துலையிலிருந்து ஒரு புதுக் குரல்:
ஞாயிற்றுக்கிழமைக்கு ஓர் ஆள் குறையுது,
சட்டை அடிக்கக் கொடுக்க வேண்டும்,
அண்ணனுக்கு முழுப்பேர் என்ன?

வளைவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு
"நம்பர் மட்டும் போதும்" என்றேன்.
"அந்தக் கூரை விதி இன்னும் இருக்கா?"