பாஸ்போர்ட் யார் கையில்

அந்த இயந்திரத்துக்கு நூற்றிருபது கண்.
ஓடும் தேயிலையில் ஒரு காம்பைக் கண்டால்
மூச்சுக் காற்றால் ஊதித் தள்ளிவிடும்.
அதைப் பூட்டி, ஓட்டிக் காட்டி,
கெட்டால் பழுது பார்க்கத்தான்
இரண்டு வருட ஒப்பந்தத்தில் என்னைப்
பண்டாரவளைக்கு அனுப்பினார்கள்.
தூளில் காம்பு பிரிக்கத் தெரிந்தவளுக்கு
மனிதரில் தெரியவில்லை.

"கோவில்பட்டியா? அடடா, எனக்கு விளாத்திகுளம்"
என்றார் துணி வியாபாரி ராசாமணி.
கரிசலை நாக்கிலேயே வைத்திருந்தார்.
ஒன்பது நாள் குளிரில் இறுகிக் கிடந்த என் தோள்
அந்த அடடாவில் இறங்கிவிட்டது.
வீடு பார்த்துத் தருகிறாராம்.
மூன்று மாத முன்பணம்.
"ரசீது எதுக்கும்மா, நமக்குள்ள?"
அன்றிரவு அம்மாவிடம் சொன்னேன்,
நம்ம ஆளு ஒருத்தர் கிடைச்சிட்டார்.

அவர் தந்த சாவியோடு போன வீட்டில்
ஒரு குடும்பம் மத்தியானச் சோறு தின்றுகொண்டிருந்தது.
வீட்டுக்காரர் எழுந்து வந்து
சிங்களத்தில் ஏதோ சொன்னார்,
மெதுவாக, இரண்டு முறை.
அவருக்குக் கோபமில்லை.
அதுதான் என்னை அழவைத்தது.

மழை. பெட்டி.
பதுளை, பதுளை என்று கூவிப் போகும் பஸ்.
ஒதுங்கியது ஒரு ரீலோட் கடை வாசலில்.
சும்மா நிற்கக் கூச்சப்பட்டு
நூறு ரூபாய்க்குப் போடச் சொன்னேன்.
போட்டாள். பாக்கியை எண்ணித் தந்தாள்.
என்ன ஆச்சு என்று கேட்கவில்லை,
எந்த ஊர் என்றும்.
கேட்டது இவ்வளவுதான்:
"பாஸ்போட்டு யார் கையில இருக்கு?"

என்னிடம்தான் என்றேன்.
"காட்டுங்க."
பையைத் திறந்தேன். தொடவில்லை அவள்.
எட்டிப் பார்த்துத் தலையாட்டினாள்,
பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது என்பதுபோல.
"அப்ப ஒன்னுமில்ல. போனது காசுதான். உக்காருங்க."

நவமணி பதினொரு வருஷம் குவைத்தில்.
முதல் நாலு வருஷம் அவளது பாஸ்போர்ட்
ஒரு மேசை இழுப்பறையில்;
இழுப்பறைச் சாவி மேடத்தின் கைப்பையில்.
இதையெல்லாம் பல ஞாயிறுகள் கழித்து
வெங்காயம் உரிக்கும்போது சொன்னாள்,
நடுவில் "அந்த எண்ணெய எடுங்க" என்றாள்.

சந்தை கலைந்த பிறகு
கடையின் பின்னறையில் சீட்டுப் போடுவார்கள்.
ரியாத் ஜெசீமா.
சைப்ரஸில் முதியவர்களைக் குளிப்பாட்டிய சோமலதா.
ஜோர்தானில் ஜீன்ஸ் தைத்த மரியபுஷ்பம்,
அவளுக்கு இன்னமும் இடது காது மந்தம்.
தமிழும் சிங்களமும் கலந்து ஓடும்;
திட்டுவதற்கு மட்டும் அரபு.

யாரும் என்னை வாவென்று அணைக்கவில்லை.
சீட்டில் சேர்க்கிறீர்களா என்றதற்கு
"பாப்பம்" என்றாள் ஜெசீமா.
எனக்கு அந்தச் சந்தேகம் பிடித்திருந்தது.
ராசாமணி ஒரு நிமிடம்கூட
என்னைச் சந்தேகப்படவில்லையே.

சோமலதா வந்து இரண்டு மொழியிலும்
வாடகைப் பத்திரத்தை வாசித்த பிறகுதான்
கையெழுத்து.
வீசா நீட்டிக்கக் கொழும்புக்குப் போகும்போது
வாசலில் சிரித்துக்கொண்டு வருகிறவனிடம்
ஒரு சதமும் கொடுக்காதே என்று
மரியபுஷ்பம் மூன்று தடவை சொன்னாள்.
நான் கேட்டேனா என்பது அவளுக்குக் கேட்கவில்லை.

ராசாமணியின் காசு வரவில்லை. வராது.
வெலிமடைப் பக்கம், ஒருவேளை,
இன்னொருத்தியிடம் அடடா சொல்லிக்கொண்டிருப்பார்.

நேற்று இரவு யூக்கலிப்டஸ் மரங்களைப்
பனி தின்றுகொண்டிருந்தபோது
அம்மா கேட்டாள்,
அங்க நம்ம ஆளுங்க வேற யாராச்சும் இருக்காங்களா?

என் வீட்டு மாற்றுச் சாவி
நவமணியின் பிஸ்கட் டின்னில் இருக்கிறது.
சீட்டில் ஒன்பதாம் மாதத்துக்கு எதிரே
ஜெசீமா என் பெயரை எழுதியிருக்கிறாள்,
பென்சிலால்.

"இருக்காங்கம்மா" என்றேன்.
"யாரு? எந்த ஊரு?"

சொல்வதற்குள்
ரீலோட் தீர்ந்துவிட்டது.